பன்னிரண்டு விசை

ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று
ஒரு வெள்ளிக்கிழமை கோடு போட்டுப் பார்த்தேன்.
‘இது மூலத்தின் உண்மையான மொழிபெயர்ப்பு என
இத்தால் சான்றுபடுத்துகிறேன்.’
அறுபத்துமூன்று.
வலது மணிக்கட்டுக்கு நான் பதில் சொல்லவேண்டிய கணக்கு.

புதுக்கடையில்
போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல் எங்கள் கந்தோர்.
கீழே கறுப்புக் கோட்டுகள் கோர்ட்டுக்கு ஓடும்.
மேலே நான்
காணி உறுதி, விவாகரத்து, பொலிஸ் முறைப்பாடு என
சிங்களத்தைத் தமிழாக்கிக்கொண்டிருப்பேன்.
றெஜினோல்ட் சேர் கையெழுத்து வைப்பார்.
கையெழுத்துக்கு மணிக்கட்டு நோவதில்லை.

மென்பொருள் போடலாம்தான்.
கொம்பியூட்டரின் கடவுச்சொல்
மெல்பேர்னில் இருக்கிற மருமகனுக்கு மட்டுமே தெரியும்.

ஆகவே சனிக்கிழமை, நூறாம் நம்பர் பஸ், பம்பலப்பிட்டி.
அஸ்கானின் கடையில், கண்ணாடிக்குள்,
கீபோர்ட்டுகள் கல்யாணவீடு போல மினுங்கின.
“அது கேம் ஆடுறவங்களுக்கு. உங்களுக்கு வெளிச்சம் தேவல்ல மிஸ்.”

ஆறு விசை காணாது.
நூற்றிநாலு விசையின் விலையைச் சேரிடம் சொல்ல ஏலாது.
பன்னிரண்டு விசை, ஓரத்தில் ஒரு குமிழ்,
உள்ளங்கை அளவு.
நீலமா சிவப்பா மண்ணிறமா என்றான்.
நீலம் ஒவ்வொரு தட்டலுக்கும் சத்தம்போட்டுச் சாட்சி சொன்னது.
சிவப்பு, தொட்டேனா இல்லையா என்று தெரியாமலே ஓடியது.
மண்ணிறத்துக்கு நடுவழியில் ஒரு சின்ன மேடு;
ஏறி இறங்குவது
விரலுக்கு மட்டும் தெரியும்.
மண்ணிறம்.

“எழுத்து இதுக்குள்ள இல்ல மிஸ்,
உங்கட விரல் போன வழிதான் இரிக்கி.
ஒருக்கா போய்க் காட்டுங்க. பொறகு அதுவே போகும்.”

பதினேழாயிரத்து ஐந்நூறு. பாதி என்னுடையது.

ஞாயிறு முழுக்க
யார் யாருக்கு விசை என்ற யோசனை.
‘மேற்படி காணியின் வடக்கெல்லை’ வந்தது.
‘எனது அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை’ வந்தது.
மணமுறிவின் காரணமும் இடம் கேட்டது;
ஆளுக்காள் வேறு, விட்டுவிட்டேன்.
‘வாசித்துக் காட்டப்பட்டு, விளங்கிக்கொண்டபின் ஒப்பமிட்டார்’ எட்டாவது.
குமிழுக்கு வேலை கிடைக்கவில்லை.
சேர் போனில் கதைக்கும்போது திருப்பிக்கொண்டிருக்க நல்லது.
முதலாவதில், அந்த அறுபத்துமூன்று.

இரண்டு மாதம் மணிக்கட்டு என்னை மறந்திருந்தது.

பங்குனியில் பேசாலையிலிருந்து எமிலியானா வந்தார்.
புருசன் காணாமல்போன கிழமை
பொலிசில் தான் சொன்னதை,
பதினாறு வருசம் சிங்களத்தில் மடித்து வைத்திருந்ததை,
தமிழில் பார்க்கவேணும் என்றார்.
அங்கங்கே ஒரு விசை, மிச்சம் கையால்.
அரை மணித்தியாலத்தில் கொடுத்தேன்.

அவர் போகவில்லை.
வாங்கில் இருந்து எழுத்தெழுத்தாய் வாசித்தார்.
பிறகு எழும்பி வந்து
எட்டாம் விசையில் விரல் வைத்தார்,
கடதாசியில்தான்.
“இது நடக்கேல்லை, தங்கச்சி.
ஒருத்தரும் எனக்கு வாசிச்சுக் காட்டேல்லை.”
மூலத்தில் இப்படித்தான் அக்கா இருக்கு, என்றேன்.
மாற்ற எனக்கு ஏலாது.
தலையாட்டினார். விரல் கடைசி வரிக்கு இறங்கியது.
“இதில ஒரு ப் குறையுது.”

மொழிபெயர்பு.

எத்தனை உறுதி. எத்தனை கோர்ட்.
அன்றைக்குப் போன வழியில்
விரல் ஒரு படி தாண்டியிருக்கிறது;
ஒவ்வொரு நாளும் அதே படியை
அது ஒழுங்காகத் தாண்டியிருக்கிறது.
கீழே எல்லாவற்றிலும் சேரின் கையெழுத்து.

முதலாவதை அழித்தேன்.
பதிகிற பொத்தானை அமுக்கிவிட்டு
மெதுவாக நடந்தேன்.
எமிலியானா பக்கத்தில் நின்று
உதடு அசையக் கூடவே வந்தார்,
ப் வருமிடத்தில் மேசையில் ஒரு தட்டு.

புதுத் தாளை வாங்கி
அந்த ஒரு சொல்லை மட்டும் பார்த்தார்.
மிச்சம் இருநூறு ரூபாவை எண்ணிக்கொண்டு படியிறங்கினார்.

எட்டாவது அப்படியே இருக்கிறது.
அதில் எழுத்துப்பிழை இல்லை.